கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்

இசக்கியப்பன் ஐம்பத்தொரு வயதில் மாணவரானவர். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் வருஷக்கணக்காக இயற்பியல் நடத்திவிட்டு, நீண்ட விடுப்பு வாங்கிக்கொண்டு, முனைவர் பட்டத்துக்காக மலைமேல் இருந்த வானியல் ஆய்வு நிலையத்துக்கு வந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்த மரகதவல்லிக்கு வயது முப்பத்தெட்டு. அவர் மரகதவல்லியை 'மேடம்' என்பார். மரகதவல்லி அவரை 'சார்' என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

அன்றைக்கு விண்ணப்பத்தின் கடைசி நாள்.

வடக்கே சமவெளியில் ரேடியோ தொலைநோக்கியின் தட்டுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை யார், எப்போது, எந்தத் திசைக்குத் திருப்பலாம் என்று ஒரு குழு கூடி முடிவு செய்யும். நேரம் வேண்டுகிறவர்கள் ஒரு மென்பொருளில் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அது தானே மூடிக்கொள்ளும்.

இசக்கியப்பன் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. இந்தத் தடவையும் போனால் பதிவுக் காலம் முடிந்துவிடும், விடுப்பும் முடிந்துவிடும். பழைய கல்லூரியின் ஆசிரியர் அறை அவர் கண்முன் வந்து வந்து போனது. 'என்ன சார், நட்சத்திரம் சிக்குச்சா?' என்று அங்கே கேட்கப்போகிறவர்களின் முகங்களும் வந்தன.

அவர் தேடியது ஒரு செத்த நட்சத்திரத்தை. எப்போதோ வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் புகைமண்டலம் வானத்தில் இருக்கிறது. அதன் நடுவே, வேகமாகச் சுழன்றபடி ரேடியோ துடிப்புகளை அனுப்பும் கரு ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. யாரும் இதுவரை அதைக் கண்டதில்லை.

காலையிலிருந்து கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். வானத்தில் இடம், அலைவரிசை, கேட்கும் நேரம் என்று ஒவ்வொரு பெட்டியாக நிரப்பினார். சரியாக நிரம்பிய பக்கத்துக்குப் பச்சைக் குறி விழும், விடுபட்டால் சிவப்பு. கொஞ்ச நேரம் கை வைக்காமல் இருந்தால் மென்பொருள் அவரை வெளியே தள்ளிவிடும். அதற்குப் பயந்து, யோசிக்கும்போதுகூட சுட்டெலியை அசைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிடப் போகவில்லை. வீட்டிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டார்.

"போட்டாச்சா?"

"போட்டுக்கிட்டே இருக்கேன். வை."

கடைசிப் பக்கத்தில், இந்த முறை புதிதாகச் சேர்த்திருந்த ஒரே ஒரு பெட்டி சிவப்பாக இருந்தது. 'தேடுவது கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?'

அவர் எழுதினார்: 'அந்த நிலை எழாது.'

பச்சை விழுந்தது. இனி வழிகாட்டி ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் போதும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மரகதவல்லியின் அறைக்கு ஏறக்குறைய ஓடினார்.

மரகதவல்லி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"சார், இதை நான் அனுப்ப மாட்டேன்."

"மேடம்!"

"மத்ததெல்லாம் நல்லா இருக்கு. இந்தப் பெட்டி மட்டும் காலியா இருக்கு."

"எழுதியிருக்கேனே."

"காலியாத்தான் இருக்கு."

இசக்கியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை தாண்டியிருந்தது. நேரம் போகப்போக எல்லோரும் ஒரே சமயத்தில் அனுப்புவார்கள், மென்பொருள் நகராமல் நின்றுவிடும். போன முறை அப்படித்தான் ஆனது.

"கிடைக்காட்டி இப்படின்னு எழுதினா, கிடைக்காதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? படிக்கிற குழுக்காரங்க எனக்கு எதுக்கு நேரம் கொடுப்பாங்க?"

மரகதவல்லி அந்தப் பெட்டியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"சரி, நீங்களே சொல்லுங்க. ஒண்ணுமே இல்லைன்னா இல்லைதான். இல்லாததைப் பத்தி ஒரு மனுஷன் என்ன மேடம் எழுத முடியும்?"

மரகதவல்லி மேசை இழுப்பறையைத் திறந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஒரு கம்மலை எடுத்துக் காட்டினார்.

"காலையில விடுதியிலேர்ந்து நடந்து வரும்போது இதோட திருகாணி எங்கேயோ விழுந்துருச்சு. கொஞ்சம் பார்த்துட்டு வர்றீங்களா?"

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவருக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்தாமலே வெளியேறினார். ஆய்வுக்கூடத்திலிருந்து விடுதி வாசல் வரை ஒரு சிமென்ட் பாதை. நடுவில் ஒரு திருப்பத்தில் மூங்கில் புதர். 'என் தலையெழுத்து ஐந்து மணிக்கு முடியப்போகிறது, இந்தப் பெண்ணுக்குத் திருகாணி கேட்கிறதா?' என்று முணுமுணுத்துக்கொண்டே விடுதி வரை நடந்தார், திரும்பினார். போகும்போதும் வரும்போதும் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"இல்லை மேடம்."

"எங்கே இல்லை?"

"பாதையில இல்லை."

"பாதையில எந்தப் பக்கம் பார்த்தீங்க?"

இசக்கியப்பன் வாயைத் திறந்தார். எந்தப் பக்கம் பார்த்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"இன்னொரு தடவை போய்ட்டு வாங்க சார்."

இந்தத் தடவை அவர் பேசாமல் வெளியே வந்தார். விண்ணப்பம் போனது போனதுதான் என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. போனபிறகு அவசரப்பட்டு என்ன? வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, குனிந்து ஆரம்பித்தார்.

போகும்போது பாதையின் இடது பாதி, வரும்போது வலது பாதி. ஒரு சோடா மூடி கிடைத்தது. கிழிந்த பஸ் டிக்கெட் கிடைத்தது. ஓர் இடத்தில் ஏதோ மின்ன, நெஞ்சு திடுக்கென்று அடித்துக்கொண்டது. தொட்டுப் பார்த்தால் மைக்காத் துணுக்கு, வெறும் காக்காய்ப்பொன். விரிசல்களில் விரலை விட்டுப் பார்த்தார். எறும்புகள் கடித்தன.

பாதி வழியில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவ்வளவு சின்னப் பொருள் கிடந்தால்தான் என் கண்ணுக்குத் தெரியுமா?

சட்டைப்பையில் இருந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கினார். கண்ணை மூடிக்கொண்டு சிமென்ட்டின் மேல் எறிந்தார். நாலு எட்டு தள்ளிப் போய்த் திரும்பி வந்தார். தெரிந்தது. நின்ற இடத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. அவர் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு சிரிப்பு வந்தது. பிறகு இன்னொரு பின்னை எடுத்து மூங்கில் புதரடியில் குவிந்து கிடந்த சருகில் போட்டுப் பார்த்தார்.

அந்தப் பக்கமாக வந்த காவலாளி நின்று விசாரித்தார்.

"என்ன சார் தொலைச்சீங்க?"

"ஸ்டேப்ளர் பின்."

காவலாளி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நடந்தார். கடிகாரம் இருப்பது இசக்கியப்பனுக்கு மறந்தே போயிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது முழங்காலில் மண், நகத்தில் அழுக்கு.

"இல்லை மேடம்" என்றார்.

"எங்கே இல்லை?"

"கூடத்து வாசலிலிருந்து விடுதி வாசல் வரைக்கும் சிமென்ட் பாதையில இல்லை. விரிசல்லயும் இல்லை. கிடந்திருந்தா கண்டிப்பா என் கண்ணுல பட்டிருக்கும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அதைவிட மெல்லிசா ஒரு ஸ்டேப்ளர் பின்னைப் போட்டுப் பார்த்தேன். தெரிஞ்சுது. ஆனா மூங்கில் அடியில சருகு கிடக்கு. அங்கே இருக்கா இல்லையான்னு நான் சொல்ல முடியாது. அங்கே போட்ட பின்னு, போட்ட எனக்கே கிடைக்கல."

மரகதவல்லி எழுந்து, மடிக்கணினி அவர் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார். தன் நாற்காலியையும் அவருக்குக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

மென்பொருள் இதற்குள் அவரை வெளியே தள்ளியிருந்தது. மறுபடி உள்ளே போனார். நல்ல வேளை, எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. 'அந்த நிலை எழாது' என்பதை அழித்தார். பிறகு நிற்காமல் எழுதினார்.

துடிப்பு கிடைக்காவிட்டால், எந்த அளவு பிரகாசத்துக்கு மேல் அங்கே எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்வோம். அதற்காக, பதிவான தரவுக்குள் நாங்களே பொய்த் துடிப்புகளைப் போட்டு, அவை கண்டுபிடிக்கப்படுகின்றனவா என்று சோதிப்போம். அதைவிட மங்கலாக இருந்தாலோ, அதன் கதிர் பூமியின் பக்கம் திரும்பாமல் இருந்தாலோ, எங்களால் எதுவும் சொல்ல இயலாது.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். முந்தைய இரண்டு விண்ணப்பங்களில் இப்படி ஒரு வரிகூட இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மரகதவல்லி வந்து குனிந்து படித்தார். ஒப்புதலை அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இசக்கியப்பன் மேசை விளிம்பைப் பற்றினார். ஐந்து மணி அடிக்கச் சில நிமிஷங்கள் இருக்கும்போது, விண்ணப்பம் பெறப்பட்டது என்ற வரி வந்தது.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு அந்தக் கேள்வி எழுந்தது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்தத் திருகாணி நிஜமாவே தொலைஞ்சுதா? இல்லை, எனக்காகச் சொன்னீங்களா?"

மரகதவல்லி முடியை ஒதுக்கி வெறும் காதைக் காட்டினார்.

"எங்க அம்மா போட்டிருந்த கம்மல் சார். திருகாணி நிஜமாத்தான் தொலைஞ்சுது."

இசக்கியப்பனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. முதல் தடவை தான் நடந்து போன நடை நினைவுக்கு வந்தது.

"மன்னிச்சுக்கோங்க மேடம். இவ்வளவு தேடியும் உங்களுக்கு ஒண்ணும் கொண்டு வரலையே."

"அப்படி யார் சொன்னா?" என்றார் மரகதவல்லி. "நாளைக்கு நான் மூங்கிலடிச் சருகை மட்டும் கூட்டினாப் போதுமே."