குப்பையில் போட்ட அலைகள்

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஆய்வகம் அது. அங்கே பேராசிரியர் ஹபீபாவிடம் மூன்று வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள் குழலி. அன்று காலை கம்பித் தொப்பியைத் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டு, மணிச் சத்தம் கேட்ட பின் தனக்கு அழுத்தத் தோன்றும்போது பொத்தானை அழுத்தும் சோதனையைச் செய்து பார்த்தாள். திரையில் பதிவுகளைப் பார்த்ததும் ஹபீபாவைக் கூப்பிட்டாள்.

“மேடம், அழுத்தணும்னு நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே அலை எழும்பிடுது.”

“எல்லாருக்கும் அப்படித்தான். பாடத்துலயே படிச்சதுதானே?”

“படிச்சப்போ பயமா இல்ல.”

ஹபீபா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நாலு நாளா மத்தியானம் உன் பாப்பாகிட்டேருந்து போனே வரலையே. எங்க அவ?”

குழலி பொலபொலவென்று அழுதுவிட்டாள். நான்கு நாளைக்கு முன், பாலைக் கொட்டிய ஐந்து வயது மகளைக் கன்னத்தில் அறைந்திருக்கிறாள். காது வீங்கிவிட்டது. கையை ஓங்கியதே அவளுக்குத் தெரியவில்லை. குழலியின் அப்பாவும் அப்படித்தான், அடித்து முடித்த பிறகுதான் அவருக்குச் சுயநினைவே வரும். அன்றே பிள்ளையை அக்கா வீட்டில் விட்டவள், திரும்பக் கூட்டிவரப் பயந்து செத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு முன்னாடியே மூளை முடிவு பண்ணிடுதுன்னா, நாளைக்கு மறுபடியும் அடிப்பேனே மேடம். அடிக்கிறது யாரு?”

ஹபீபா நாற்காலியைக் கணினிப் பக்கம் இழுத்தார். “மொத்தம் எத்தனை பதிவு?”

“அறுபது. நாப்பத்தொண்ணு வெச்சிருக்கேன்.”

“மீதி?”

“அழுத்தப் போயி, வேணாம்னு விட்டது மேடம். வழக்கம்போல குப்பையில போட்டுட்டேன்.”

அந்த ஆய்வகத்தில் எல்லாரும் அப்படித்தான். விரல் அசையாத பதிவை யாரும் சட்டை செய்வதில்லை.

ஹபீபா கணினியின் குப்பைக்குள் போய் ஒவ்வொன்றாகத் திறந்தார். பத்தொன்பதிலும் அலை எழும்பியிருந்தது. மற்றவற்றில் எழும்பிய அதே அலை. பொத்தான் அழுத்தப்படுவதைக் காட்டும் கோடு மட்டும் ஆடாமல் அசையாமல் நேராகக் கிடந்தது.

“இதுல விரலை நிறுத்தினது நான்தானே மேடம்?”

“நீதான்.”

குழலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு ஏதோ உறைத்தது. முகம் வெளிறிப்போய்க் கேட்டாள்.

“அப்போ அன்னிக்கு அடிச்சது?”

“நிறுத்தத் தெரிஞ்சவதான் அடிச்சிருக்கா” என்றார் ஹபீபா. “போயி பிள்ளையக் கூட்டிட்டு வா.”