நேராக ஈப்போவுக்குப் போன மூன்று பேர்

புளியங்குடியில் எலுமிச்சம்பழத்துக்கு அடுத்தபடியாக வெளியூர்க்காரர்களும் அறிந்து வைத்திருந்தது மூன்று பேரை. ஆவுடையப்பன் எலுமிச்சை மண்டியில் எடை போடுகிறவன். கோயில்பிள்ளை சைக்கிள் கடை வைத்து மூடியவர். மற்ற இருவரையும்விட நான்கு வயது மூத்தவர், கண்ணாடி போட்டவர். ஆகவே அவர்தான் அறிவாளி என்று மூவருமாகக் கூடி முடிவு செய்திருந்தார்கள். மூன்றாமவன் உச்சிமாகாளி. மற்ற இரண்டு பேரும் எதைச் சொன்னாலும் உடனே செய்துவிடுவான். அது ஒன்றுதான் அவனிடம் குறை.

இது நடந்தது, மணிப்பூர் வழியாகப் பர்மாவுக்குள் வண்டியோடு போய்வர முடிந்த காலத்தில்.

ஆவுடையப்பனின் அக்கா சண்முகக்கனி மலேசியாவில் ஈப்போ என்ற ஊருக்கு வாக்கப்பட்டுப் போய் இருபத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் மகளுக்குத் தை இருபத்தெட்டில் கல்யாணம் நிச்சயமானது. அக்கா போனில் கூப்பிட்டாள்.

"ஏல ஆவுடை, தாய்மாமன் நீ வந்து நெத்திப்பட்டம் கட்டாம இங்க தாலி ஏறாது. காதுகுத்துக்கும் வரல, சடங்குக்கும் வரல. இதுக்காவது அங்க இங்க நிக்காம நேரா வந்து சேரு."

"வாரேங்க்கா" என்றான். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எலுமிச்சை மூட்டைமேல் உட்கார்ந்து அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விமான டிக்கெட் வாங்கக் கிளம்பினான். கோயில்பிள்ளை வழியை மறித்தார்.

"ஏரோப்ளேன் முதல்ல என்ன செய்யும்?"

"மேல போகும் அண்ணாச்சி."

"அப்புறம்?"

"கீழ வரும்."

"அக்கா உன்ன மேல போய்க் கீழ வரச் சொன்னாளா, நேரா வரச் சொன்னாளா?"

ஆவுடையப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. இருபத்து மூன்று வருஷத்தில் அக்கா கேட்டது ஒரே ஒரு காரியம். அதையும் கோணலாகச் செய்வதா?

"அப்ப கப்பல்?" என்று கேட்டான்.

"கப்பல் ஆடிக்கிட்டே போகும்" என்றான் மாகாளி.

அட்லஸை விரித்து, புளியங்குடிக்கும் ஈப்போவுக்கும் நடுவே கோயில்பிள்ளை ஸ்கேலை வைத்தார். முக்காலும் கடலாக இருந்தது. "கடல் வந்தா கொஞ்சம் ஒதுங்கிக்கிடலாம். அது தப்புல சேராது" என்றார். இப்படியாக மூன்று பேரும் மூன்று மோட்டார் சைக்கிளில் போவதென்று ஆயிற்று. காகிதங்களைத் தென்காசி ஏஜெண்டு ஒருவர் வாங்கிக் கொடுத்தார். மோட்டார் சைக்கிள் என்றதும் அக்கா போனிலேயே மூன்று பேரிடமும் ஹெல்மெட்டுக்காக ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். மார்கழி இருபதில் புறப்பட்டார்கள். பட்டமும் பட்டுச்சேலையும் ஆவுடையப்பன் சட்டைக்குள், நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தன.

அக்கா 'அங்க இங்க நிக்காம' என்று சொல்லியிருந்தாள் அல்லவா? ஆகவே அவர்கள் வழியில் எங்குமே நிற்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தார்கள். பெஞ்சு இல்லாத கடையில் படுத்துக்கொண்டு டீ குடித்தார்கள். நெல்லூரில் சிவப்பு விளக்கு விழுந்ததும் மூன்று பேரும் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஏதோ போராட்டம் என்று நினைத்துப் பின்னால் வந்த ஆட்டோக்காரர்களும் இறங்கி உட்கார்ந்தார்கள். போக்குவரத்து சரியாக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஒரிசாவில் மீட்டர் இரண்டாயிரத்தைத் தாண்டியது. ஊர் மெக்கானிக் சொன்னது ஆவுடையப்பனுக்கு ஞாபகம் வந்தது. 'ரெண்டாயிரம் ஓடினதும் மூணு வண்டிக்கும் ஆயில மாத்திருங்க.'

புளியமரத்தடியில் கூடி யோசித்தார்கள்.

"என் ஆயில உன் வண்டிக்கு ஊத்துவோம். உன் ஆயில மாகாளி வண்டிக்கு. மாகாளி ஆயில என் வண்டிக்கு" என்றார் கோயில்பிள்ளை.

"அண்ணாச்சி, உங்க ஆயில ஊத்தணும்னா என் வண்டி காலியா இருக்கணுமே?" என்றான் ஆவுடையப்பன்.

"அதுக்கு உன் ஆயில மாகாளி வண்டிக்கு ஊத்தணும்."

"மாகாளி வண்டி நிறைஞ்சுல்லா இருக்கு?"

"அவன் ஆயில என் வண்டிக்கு ஊத்தணும்."

"உங்க வண்டி?"

மூன்று பேரும் மரத்தைச் சுற்றி வந்தார்கள். கடைசியில் மாகாளி, "நாலாவதா ஒரு வண்டி வாங்கினா முடிஞ்சுது" என்றான். பக்கத்து ஊருக்குப் போய் விசாரித்தும் பார்த்தார்கள். நல்லவேளையாக யாரும் விற்கவில்லை. திரும்பி வரும்போதுதான் மாகாளி வண்டியில் தொங்கிய சாப்பாட்டுத் தூக்குச்சட்டி கண்ணில் பட்டது. முதல் ஆயிலை அதில் பிடித்துவைத்து மாற்றி முடித்தார்கள். "இப்பத்தான் வண்டி புதுசா ஓடுது" என்று மூன்று பேருக்கும் தோன்றியது. மறுநாள் மத்தியானம் அதே தூக்கில் பருப்புக் குழம்பு வாங்கினார்கள். தொண்டையில் இறங்குவதே தெரியவில்லை என்று மாகாளி மெச்சிக்கொண்டான்.

மணிப்பூர் எல்லையில் மோரே என்று ஓர் ஊர். அங்கே தமிழர்கள் உண்டு, இட்லிக்கடைகூட உண்டு. கடைக்காரர் மூன்று பேருக்கும் ஆளுக்கு எட்டு இட்லி வைத்துவிட்டு, ஆவுடையப்பனின் கடிகாரத்தைத் தானே வாங்கிப் பர்மா மணிக்குத் திருப்பிக் கொடுத்து, அக்கறையாக எச்சரித்தார்.

"தம்பி, பர்மாவுல நம்ம ஊரு மாதிரி கிடையாது. எல்லையத் தாண்டிட்டா வலது பக்கமாவே போகணும். மறந்தும் இடது பக்கம் போயிராதீங்க."

எல்லையைத் தாண்டினார்கள். முதல் முக்கில் வலது பக்கம் திரும்பினார்கள். அடுத்த முக்கிலும் வலது. அதற்கடுத்ததிலும் வலது. ஒரு ஊர் வந்தது. தங்க நிறத்தில் ஒரு கோபுரம், அதன் கீழே ஒரு டீக்கடை, கடையில் கன்னத்தில் சந்தனம் மாதிரி ஏதோ பூசிய ஓர் அம்மா, வாசலில் ஒற்றைக் காது மடங்கிய நாய். டீ குடித்துவிட்டுக் கும்பிட்டுக் கிளம்பினார்கள்.

கால் மணி நேரத்தில் இரண்டாவது ஊர் வந்தது. அங்கேயும் தங்கக் கோபுரம், டீக்கடை, அம்மா.

"இந்த அம்மா முதல் ஊர் அம்மாவோட தங்கச்சியா இருக்கும்" என்றான் மாகாளி.

மூன்றாவது ஊரிலும் அப்படியே. "கூடப் பிறந்தது மூணு பேரு போல. ஆளுக்கொரு ஊர்ல கடை. நல்ல ஒத்துமையான குடும்பம்" என்றார் கோயில்பிள்ளை.

"நாய்க்கும் ஒரே மாதிரி காது மடங்கியிருக்கே அண்ணாச்சி?"

"ஒரே ஈத்துக் குட்டிங்க. பங்கு பிரிச்சிருப்பாங்க."

இப்படி ஒரே பகலில் ஒன்பது ஊர்களைக் கடந்தார்கள். ஆவுடையப்பனுக்கு வயிறு முழுக்க டீ. மனசு முழுக்கச் சந்தோஷம். இந்த வேகத்தில் போனால் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போய்ப் பந்தக்கால் ஊன்றலாம் என்று நினைத்தான். பத்தாவது ஊரில் அந்த அம்மா நடுரோட்டுக்கு வந்து, வலது பக்கத் தெருவை மறித்துப் பெஞ்சைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, நேரே போகும்படி இரண்டு கையாலும் விரட்டினாள்.

"ஒன்பது பேரு தங்கமானவங்க. இந்தக் கடைசித் தங்கச்சி மட்டும் கொஞ்சம் கோவக்காரி" என்று சொல்லிக்கொண்டே நேராகப் போனார்கள். மறுநாள் ஊர்கள் வேறு வேறு மாதிரி இருந்தன. அது அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

தாய்லாந்து எல்லையில் கீழக்கரைக்காரர் ஒருவரைச் சந்தித்தார்கள். ரத்தினக் கல் வியாபாரி. தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் ஓடிவந்து விசாரித்தவர், கல்யாணச் சேதி தெரிந்ததும் சொன்னார்: "இங்க பர்மாவ விட அரை மணி நேரம் கூட. கடிகாரத்த அரை மணி நேரம் தள்ளி வச்சிருங்க. மலேசியா போனதும் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி வைக்கணும். இல்லேன்னா முகூர்த்தத்தக் கோட்டை விட்டுருவீங்க."

முகூர்த்தம் என்ற சொல் ஆவுடையப்பனின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. அவர் அந்தப் பக்கம் போனதும் கைக்கடிகாரத்தைக் கழற்றினான்.

"எவ்வளவு தூரம் தள்ளி வைக்கணும் அண்ணாச்சி?"

"நேரத்தத்தான் சொன்னாரு, தூரத்தச் சொல்லலியே" என்று கோயில்பிள்ளை யோசித்தார். "ஐம்பது எட்டு வையி. போதும். போனுலயும் மணி காட்டும். அதையும் சேர்த்து வையி."

மாகாளி ஐம்பது எட்டு எண்ணிப் போய், ஒரு பாலத்துச் சுவரில் இரண்டையும் வைத்துவிட்டு வந்தான். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"அரை மணி ஆயிட்டுதான்னு எப்படித் தெரியும்?" என்றான் ஆவுடையப்பன்.

"கடிகாரத்தப் பாத்துத்தான்."

"அது அங்கல்லா இருக்கு?"

மாகாளி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். "இருபது நிமிஷம் ஆயிருக்கு!"

கோயில்பிள்ளையின் முகம் இருண்டது. "நீ அதுக்குப் பக்கத்துல போனியா?"

"ஆமா."

"அப்ப அது நமக்குத் தள்ளி இருந்துதா, கிட்ட இருந்துதா?"

மாகாளி தலையைக் குனிந்தான். "கிட்ட."

"போச்சு. முதல்லருந்து ஆரம்பி."

நான்கு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டே இருந்தது. ஆவுடையப்பனுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அக்கா மணவறைப் பக்கத்தில் நின்று வாசலைப் பார்க்கிறாள்; தான் இங்கே ஒரு பாலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த வேதனையில்தான் அவனுக்கு யோசனை பிறந்தது. "ஒரு சட்டிச் சோறு வேக அரை மணி ஆகும்!" என்று கத்தினான். அடுப்பு மூட்டினார்கள். சோறு வெந்தது. கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். "இப்ப இது தாய்லாந்து மணி" என்றார் கோயில்பிள்ளை.

மலேசிய எல்லையில் ஒரு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். அரை மணிக்கு ஐம்பது எட்டு என்றால் ஒரு மணிக்கு நூறு. மாகாளி வந்த திசையிலேயே எண்ணிக்கொண்டு போனான். எழுபதாவது எட்டிலேயே எல்லைக்கோடு வந்துவிட்டது. கணக்குத் தப்பக்கூடாதென்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு தாய்லாந்துக்குள் மீதி முப்பது எட்டையும் வைத்தான். கடிகாரத்தை வைத்துவிட்டு முத்திரையோடு திரும்பினான். இரண்டு சட்டிச் சோறு வெந்ததும் எடுத்துவர மறுபடி முத்திரை. முத்திரை குத்திய அதிகாரி கடைசியில் ஒன்றும் கேட்காமல் சோற்றுக்குத் தட்டை நீட்டினார்.

கல்யாணத்தன்று காலையில் ஈப்போவுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, ரோட்டோரம் ஒரு மண்டபத்தில் வாழைமரம் கட்டியிருந்தது. பலகையில் மாப்பிள்ளை, பெண் பெயர்கள். அக்கா மகள் பெயர்தான். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. ஆவுடையப்பனின் கடிகாரம் ஏழு இருபது காட்டியது.

"நிறைய நேரம் கிடக்கு. குளிச்சுட்டுப் போவோம்" என்றார் கோயில்பிள்ளை.

உள்ளே நாதஸ்வரம் உயர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஆவுடையப்பன் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, அண்ணாச்சியையும் பார்க்கவில்லை. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். அவன் ஆயுளில் யாரையும் கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். உள்ளே மண்டபத்துக் கடிகாரத்தில் மணி எட்டு ஐம்பது.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முடி நரைத்திருந்தது. ஆனாலும் அவன் கையைப் பிடித்த பிடி பழைய பிடிதான்.

"ஏல... அந்த ஹெல்மெட்டக் கழட்டுல. உன் மூஞ்சியப் பாக்கணும்."

"நீதான போன்ல சத்தியம் வாங்குன, ஈப்போ வந்து சேர்ற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு? ஊருக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கிடக்குக்கா."

சண்முகக்கனி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, உள்ளே தெரிந்த இரண்டு கண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனாள். பட்டம் கட்டினான். தாலி ஏறியது. கல்யாணப் போட்டோக்களில் பெண்ணுக்குப் பின்னால் மூன்று ஹெல்மெட்டுகள் வரிசையாக நிற்கும், இன்றைக்கும் பார்க்கலாம்.

ஒரு வாரம் விருந்து சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். அக்கா வாசல்வரை வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்கய்யா" என்று வழியனுப்பினாள்.

எண்பத்தாறு நாள் கழித்து ஒரு முற்பகலில் மூன்று மோட்டார் சைக்கிள்களும் அதே வாசலில் வந்து நின்றன. அக்கா பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னல, ஊருக்குப் போகலியா?"

"போயிட்டோம்க்கா. மண்டி வாசல்ல ஆளுக்கொரு சோடா குடிச்சோம். உடனே திரும்பி வந்துட்டோம்."

"எதுக்குல வந்தீங்க?"

"நீதான போயிட்டு வரச் சொன்ன?"

அத்தான் வேலாயுதம் கையிலிருந்த பேப்பரை மெதுவாக மடித்து வைத்தார்.

நாலு நாள் இருந்தார்கள். அந்த நாலு நாளும் அக்காவும் அத்தானும் அடுப்பங்கரையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள். வெறுமனே 'போங்க' என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. தம்பியை வாசலில் வைத்து அப்படிச் சொல்வது ஆகாது. 'போயிட்டு வாங்க' என்று சொல்ல அத்தானுக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து, தட்டிப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா என்று சோதித்தார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் மூன்று பேரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு, விடை வாங்கக் காத்திருந்தார்கள். அக்கா வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றாள். அத்தான் முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் சொன்னார்:

"பாத்துப் போங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று எஞ்சினும் ஒவ்வொன்றாக அணைந்தன. கோயில்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டார். மாகாளி வண்டியை ஸ்டாண்டு போட்டான். ஆவுடையப்பன் மரியாதையாகக் கேட்டான்:

"எதைப் பாத்துட்டுப் போகணும் அத்தான்?"