ஆறு கேட்கும் பெயர்

டைக்ரிஸ் ஆற்றங்கரையில் மாண்டேயர்கள் என்ற பழைய சமயத்தார் வாழ்ந்தார்கள். ஓடும் ஆற்றில் முழுகி எழுவதே அவர்களுக்குப் பெரிய வழிபாடு. அங்கே குருப்பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான் ஸிஹ்ரூன். வயது நாற்பத்தைந்து, வெள்ளிப்பட்டறைக்காரன். அவனுடைய குரு அனுஷுக்கு முப்பதுதான். அதில் இரண்டு பேருக்கும் வருத்தமில்லை.

ஸிஹ்ரூனின் முன்னோர் பரம்பரையாகக் குருக்கள். வீட்டில் ஒரு பழைய வேதநூல் இருந்தது. அதைக் காத்தவர்களின் பெயர்கள் கடைசிப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. தாத்தாவோடு வரிசை நின்றுவிட்டது. அப்பா பட்டறையே கதியென்று இருந்தவர். நூலைத் தொட்டதுகூட இல்லை.

"குருவே, அடுத்து என் பெயரை எழுத வேண்டும். நடுவில் ஒரு தலைமுறை காலி. பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? அப்பாவும் காத்தார் என்று எழுதிவிடட்டுமா?"

"பொய்யாயிற்றே."

"ஒரே ஒரு வரிதானே!"

"அவர் காலத்தில் நூல் யாரிடம் இருந்தது?"

"பெட்டியில் கிடந்தது. அம்மா எடுத்து வெயிலில் காயவைப்பாள், வெள்ளைத் துணியில் சுற்றி வைப்பாள். வெள்ளம் வந்தபோது அதை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்தாள். அதை விடுங்கள். காலி இடத்துக்கு என்ன வழி?"

"ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்" என்றார் அனுஷ்.

ஞாயிறு காலை இருவரும் வெள்ளை உடுத்தி ஆற்றில் இறங்கினார்கள். கரையில் சொந்தபந்தம் கூடியிருந்தது. முன்வரிசையில் ஸிஹ்ரூனின் தாய் அன்ஹர்.

"நீங்கள் யார் மகன்?" என்று கேட்டார் குரு.

ஸிஹ்ரூன் நெஞ்சை நிமிர்த்தி அப்பா, தாத்தா, முப்பாட்டன் என்று ஏழு பெயர்களை மூச்சுவிடாமல் சொன்னான்.

கரையே சிரித்தது. ஆற்றில் நிற்கும் மாண்டேயன் தாயின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம், இந்தப் பரம்பரைப் பெருமையில் அவனுக்கு மறந்துபோயிற்று.

குருவும் சிரித்துவிட்டார். "அது ஊருக்குச் சொல்வது. ஆறு வேறு பெயரல்லவா கேட்கும்?"

ஸிஹ்ரூனுக்கு வெட்கமாகப் போயிற்று. "அன்ஹரின் மகன் ஸிஹ்ரூன்" என்று முணுமுணுத்தான். சொன்ன பிறகுதான் கரையைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"குருவே, அந்தக் காலி இடத்தில்..."

"அங்கே எழுத வேண்டிய பெயரை இப்போதுதானே சொன்னீர்கள்! இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் காது மந்தம்."