ஒன்பதாம் மாடி டார்கெட்

கோயமுத்தூரில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்று. அதற்குப் புதிதாக வந்த மேனேஜர் ஜெயசீலன், ஆளுக்கு மாதம் முப்பது ரிப்பேர் என்று டார்கெட் வைத்தார்.

மாதக் கடைசியில் ஒன்பதாம் மாடி ஆபீஸில் கூட்டம். முப்பத்தைந்து ரிப்பேர் காட்டியவருக்குச் சால்வை போர்த்தினார். அந்த ஆள் பார்க்கும் லிஃப்ட்டுகளில் தினமும் யாராவது மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவார்கள்!

அடுத்து, மெக்கானிக் செங்கோடனை எழுப்பி நிறுத்தினார்.

"ரெண்டே ரிப்பேரா? தூங்குறதுக்கா சம்பளம்?"

செங்கோடனுக்குச் சுரீரென்றது. வாரம் தவறாமல் ஆயில் விட்டு, தேய்ந்ததை முன்கூட்டியே மாற்றுகிறவர் அவர். அதை எழுத ஃபாரத்தில் கட்டமே இல்லை.

"தப்புதானுங்க சார். இனி ஆயில் விடலீங்க, நட்டு முறுக்கலீங்க. லிஃப்ட் நின்னப்புறம் போய்ச் சரி பண்றேன். அடுத்த மாசம் நாப்பது காட்டிடறேனுங்க."

"அப்படி வா வழிக்கு!" என்று மேனேஜர் மேசையைத் தட்டினார்.

"இந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் என் பொறுப்புதானுங்க. இங்கிருந்தே ஆரம்பிச்சுடறேன்."

கூட்டம் முடிந்தது. எல்லோரும் லிஃப்ட்டில் இறங்கினார்கள். மேனேஜர் மட்டும் ஒன்பது மாடியையும் படியில் இறங்கினார்.