ஒரு வெட்டுக்கு ரெண்டு ஓரம்

முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன். முடிச்சு இறுக்குகிற இடத்தில் கதையும் கொஞ்சம் நிற்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரொம்பக் காலத்துக்கு முன்னே, கடலுக்கு அந்தப் பக்கம், வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஒரு நாட்டை ஆல்பெரிக் என்கிற ராஜா ஆண்டுவந்தான். அவனுக்குச் சண்டையில் ஆசை கிடையாது, சாப்பாட்டிலும் கிடையாது. உடுப்புதான் பைத்தியம். அதிலும் உடுப்பின் ஓரம். மேலங்கியின் கீழ் ஓரத்தை இலை இலையாக வெட்டச் சொல்லி, தரையில் இழுபட விட்டுக்கொண்டு நடப்பான். திங்கட்கிழமை திராட்சை இலை, புதன்கிழமை மீன் செதில், வெள்ளிக்கிழமை தீக்கொழுந்து. ஒரு இடத்தில் உட்காரமாட்டான். கண்ணாடிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பான். தெருவில் யாராவது அதே ஓரம் போட்டுப் போவதைப் பார்த்துவிட்டால் போச்சு, அன்றைக்கு ரொட்டி இறங்காது.

கடைசியில் தண்டோரா போட்டுவிட்டான். "ராஜா உடுத்துகிற ஓரத்தை இனி வேறு யாரும் உடுத்தக் கூடாது. மீறினால், வெட்டிக் கொடுத்தவரின் கத்தரி பிடிக்கிற விரல்கள் போய்விடும்!"

ராஜாவுக்கு வெட்டிக் கொடுப்பவள் மத்தில்தா. புருஷன் இல்லை, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அந்த ஊர்க் கம்பளியைத் தண்ணீரில் போட்டு மிதித்து மிதித்துக் கெட்டியாக்கி வைத்திருப்பார்கள், வெட்டினால் நூல் பிரியாது. அதில் அவள் கத்தரி ஓடினால் இலை காற்றில் ஆடுகிற மாதிரியே இருக்கும். வாயும் சும்மா இருக்காது. அவள் ஏதாவது சொன்னால் ராஜா சிரித்துவிடுவான். உடுப்பு அறை அதிகாரி குந்தர் பிரபுவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். பத்து வருஷத்தில் அவர் பேச்சுக்கு ராஜா ஒருதரம்கூடச் சிரித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மத்தில்தாவின் பிள்ளையைக் குந்தர் பார்த்து, கையை நீட்டிக் காட்டினார். குளிருக்கு நெஞ்சில் ஒரு துண்டுத் துணி சுற்றியிருந்தது. சிவப்பு. ஓரத்தில் திராட்சை இலை. மறுநாள் காலையில் அவளைச் சபையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"பாருங்கள் மகாராஜா! தாங்கள் போட்டிருக்கிற அதே துணி, அதே இலை. ராஜாவுக்கும் இந்தப் பால்குடிப் பயலுக்கும் ஒரே ஓரமா?"

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போனது. "ஏம்மா, என்ன இது?"

"உங்களுக்குத்தான் வெட்டினேன் மகாராஜா. இவனுக்கு நான் வெட்டவில்லை, அதுவாக வந்தது."

"அதுவாக வர இதென்ன ஜலதோஷமா?" என்றார் குந்தர். சபையே சிரித்தது.

ராஜா சிரிக்கவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்துவிட்டான். சேவகர்கள் கட்டையும் கோடாலியும் கொண்டுவந்து வைத்தார்கள். விரல் போனால் பிள்ளைக்குக் கஞ்சி ஏது? மத்தில்தா குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"விரலை எடுத்துக்கொள்ளுங்கள் மகாராஜா. அதற்கு முன்னால் குந்தர் பிரபு ஒருதரம் வெட்டிக் காட்டட்டும். உங்கள் அங்கிக்கு மட்டும் இலை வரணும், மிச்சத்துணியில் வரக் கூடாது. காட்டிவிட்டால் பத்து விரலும் தருகிறேன்."

"இது ஒரு பெரிய வேலையா? கொண்டா கத்தரியை!"

"சபைக்கெல்லாம் தெரியணும் பிரபு. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து வெட்டுங்கள்."

வெட்டினார். மேல் துண்டில் ஏழு இலை தொங்கியது. கீழே விழுந்த துண்டை ராஜா எடுத்துப் பார்த்தான். அதிலும் ஏழு இலை, தலைகீழாக. குந்தர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வெட்டினார். சின்னதாக வெட்டினார், சாய்த்து வெட்டினார். இந்தப் பக்கத்துக் குழி அந்தப் பக்கத்து இலையாகவே வந்து நின்றது.

ராஜாவின் நடை சட்டென்று நின்றுபோனது. "அப்போ என்னுடைய ஒவ்வொரு ஓரத்துக்கும் இன்னொரு ஓரம் எங்கேயோ இருக்கிறதா?"

"இருக்கு மகாராஜா. இந்தச் சிவப்பில் ஒரு சாண் இவன் நெஞ்சில். வெட்டினவளுக்கு மிச்சத்துணி என்பது ஊர் வழக்கம். ஆனால் மூன்று முழத்தை ராஜா சொத்து என்று ஒருத்தர் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கிழிந்து விழுந்த சாண்தான் எனக்கு."

"யார் அது?"

"கையைத் தூக்கிக்கொண்டுதானே நிற்கிறார், பாருங்கள்."

எல்லாரும் பார்த்தார்கள். குந்தரின் கறுப்பு அங்கிக்குக் கை ரொம்ப அகலம். தூக்கின கையிலிருந்து அது சரிந்து உள்பக்கம் விரிந்து கிடந்தது. உள்ளே சிவப்புத் துணி. வரிசையாகத் திராட்சை இலை! ஆசையும் விடவில்லை, பயமும் விடவில்லை, அதனால் உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்.

ராஜா தன் அங்கி ஓரத்தைத் தூக்கி அதோடு சேர்த்து வைத்தான். குழியில் இலை, இலையில் குழி, மயிரிழை இடைவெளி இல்லை.

"நேற்று என் பிள்ளையைக் காட்டிக் கை நீட்டினீர்களே பிரபு, அப்போதே அங்கிக் கைக்குள்ளே சிவப்பு தெரிந்துவிட்டது," என்றாள் மத்தில்தா.

"அந்த விரலை வெட்டுங்கடா!" என்று ராஜா கத்தினான்.

"வேண்டாம் மகாராஜா. துணியை வெட்டினால் ரெண்டு பேருக்கு ஆகும். விரலை வெட்டினால் ஒருத்தருக்கும் ஆகாது."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோடாலியை எடுத்துப் போகச் சொன்னான். அன்றோடு அந்தச் சட்டமும் போச்சு. ராஜாவுக்கு வெட்டுகிற துணியில் மறுபாதி இனி ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று உத்தரவானது. அதை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிற வேலை குந்தருக்கு, அதுவும் அங்கியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சிவப்பு வெளியே தெரிய.

ராஜாவுக்கு மட்டும் கால் நிலைகொள்ளவில்லை. தன் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், தொட்டில் தொட்டிலாகப் பொருத்திப் பார்ப்பான். ஒருநாள் ஒரு கொல்லன் வீட்டில் பாதி இலைதான் பொருந்தியது. "மீதி எங்கேம்மா?" என்று கேட்டான். கொல்லன் பெண்சாதி ராஜாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு,

"அண்ணி! குழாயில தண்ணி வந்திருச்சு, குடத்தை எடுத்துக்கிட்டு ஓடியாங்க!"

வாசலில் என் நாத்தனார் கத்துகிறாள். இதோ வந்துட்டேன், இந்த ஒரு வரிதான், அவள் ராஜாவிடம் என்ன சொன்னாள் என்றால்,