கோரைக்குப் போட்ட சட்டம்

ஓர் ஏரியை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டில் முதன்முதலாகச் சட்டம் போட்டபோது நடந்த கூத்தைக் கேளுங்கள், குழந்தைகளே.

அங்கே கோணக்கொம்பி என்று ஓர் எருமை இருந்தாள். நல்லவள்தான். ஆனால் எதுவும் அவளுக்குச் சட்டென்று விளங்காது. நாலு முறை அசைபோட்டால்தான் விளங்கும். வெயில் ஏறியதும் ஏரியில் இறங்குவாள், வயிறு நிறையக் கோரைப்புல்லைத் தின்பாள், பிறகு கழுத்தளவு தண்ணீரில் கிடப்பாள். எருமைத் தோல் வெயில் தாங்காது. தண்ணீரில் கிடக்காவிட்டால் வெடித்துப் புண்ணாகிவிடும்.

ஒரு நாள் அப்படி இறங்கும்போது அவள் குளம்பின் கீழே ஏதோ நொறுங்கியது. அது முக்குளியின் கூடு. முக்குளி தண்ணீரில் முங்கி மீன் பிடிக்கும் சின்னப் பறவை. கோரைக்கு நடுவே மிதக்கும் கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை.

"அடடா, பாக்கலையே தங்கச்சி" என்று கோணக்கொம்பி சொல்லி முடிப்பதற்குள் முக்குளி அழுதுகொண்டே போய்விட்டது. ஏரிப் பறவைகள் அத்தனையையும் கூட்டியது. "ஏரியைக் காப்போம், ஏரியைக் காப்போம்" என்று கரையெங்கும் ஒரே இரைச்சல். தூக்கம் கெட்டுப்போய் சிங்கராஜா எழுந்து வந்தார்.

"இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்யப் போகிறேன். ஏரியைக் காக்கச் சட்டம் போடப் போகிறேன்" என்றார்.

சட்டம் என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. முயல் அதைத் தின்னலாமா என்று கேட்டது. குரங்கு அது எந்த மரத்தில் காய்க்கும் என்று கேட்டது. கோணக்கொம்பிக்கும் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் தலையாட்டுகிறார்களே என்று அவளும் ஆட்டி வைத்தாள்.

"குளம்புள்ள யாரும் இனி ஏரியில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் மலைக்கு அந்தப் பக்கம் துரத்தப்படுவார்கள்" என்றார் ராஜா. மலைக்கு அந்தப் பக்கம் வெறும் பாறைதான். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

மறுநாள் வழக்கம்போல் ஏரிக்கு வந்த கோணக்கொம்பியைக் காவலுக்கு நின்ற முள்ளம்பன்றி மறித்தது.

"குளம்புள்ளவங்க வரக் கூடாதுக்கா."

"சரி தம்பி. வந்தா நானும் அவங்ககிட்ட சொல்றேன்."

"நீங்கதாங்கா அது."

கோணக்கொம்பி குனிந்து தன் காலைப் பார்த்தாள். குளம்பு இருந்தது. அது இத்தனை நாளும் அங்கேயே இருந்ததுதான். இன்றைக்கு மட்டும் ஏன் தப்பாகிவிட்டது என்று அவளுக்கு விளங்கவில்லை. மற்ற விலங்குகளுக்குத் தாகம் தீர்க்க ஓடை இருந்தது. அவளுக்குக் கிடப்பதற்கு ஏரியைத் தவிர வேறு இடம் இல்லை.

அதனால் தினமும் கரையிலேயே நின்றாள். பசித்தால் கழுத்தை நீட்டி, எட்டுகிற கோரையை மட்டும் தின்றாள். எட்டாததை ஏக்கத்தோடு பார்த்தாள். முதுகுத் தோல் வெடிக்கத் தொடங்கியது.

ஏரியோ பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. "பார்த்தீர்களா என் சட்டத்தை" என்று ராஜா பூரித்துப்போனார். ஆனால் கோரை வளர்வது நிற்கவில்லை. ஏரியின் நடுப்பகுதி முழுவதும் மூடிக்கொண்டது. முக்குளி இரண்டாம் முறை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தபோது அங்கே முங்குவதற்குத் தண்ணீர் தெரியவில்லை. குஞ்சுகளில் ஒன்று பசியால் செத்தும் போனது. முக்குளி தரையில் தத்தித் தத்தி ராஜாவிடம் ஓடியது.

"கோரை ஏரியை விழுங்குது ராஜா."

"அப்படியா? அதற்கும் ஒரு சட்டம் போட்டால் போயிற்று. இனி கோரை வளரக் கூடாது."

முள்ளம்பன்றி கரையில் நின்று தொண்டை கிழிய அந்தச் சட்டத்தைக் கோரைக்குச் சொன்னது. அடுத்த வாரம் கோரை இன்னும் ஒரு சாண் வளர்ந்திருந்தது. யார் மீதாவது கோபத்தைக் காட்ட வேண்டுமே. முள்ளம்பன்றி கோணக்கொம்பியைப் பிடித்துக்கொண்டது.

"ஏரியில கை வைக்கிறீங்களேக்கா."

"நான் காலே வைக்கலையே தம்பி. வாயைத்தானே வச்சேன்."

"வாயும் உங்களோடதுதானே?"

கோணக்கொம்பி யோசித்துப் பார்த்தாள். ஆமாம், அவளுடையதுதான். முள்ளம்பன்றியின் பின்னால் ராஜாவிடம் நடந்தாள்.

ராஜா பிடரியைச் சொறிந்தார். "கோரை வளர்ந்தது குற்றம். அதை நீ தின்றதும் குற்றம். இரண்டு பேரும் மலைக்கு அந்தப் பக்கம் போங்கள்."

"கோரையை எப்படி அனுப்புறது ராஜா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"முதலில் நடக்கத் தெரிந்தவள் போகட்டும்" என்றார் ராஜா.

கோணக்கொம்பி கடைசியாக ஒரு முறை ஏரியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கரைக்கு வந்தாள். ராஜாவும் கூட வந்தார். அங்கே கரையோரமாக முக்குளியும் மிச்சமிருந்த குஞ்சுகளும் நீந்திக்கொண்டிருந்தன. மற்றப் பறவைகளும் அந்த ஓரத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"இவ்வளவு பெரிய ஏரி இருக்க, ஏன் தங்கச்சி எல்லாரும் இந்த ஓரத்துலயே இடிச்சுக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"இங்கதான்க்கா தண்ணி தெரியுது. மீனும் இங்கதான்..." என்ற முக்குளி பாதியில் நிறுத்தியது. தண்ணீர் தெரிந்த அந்த ஓரம், எருமையின் கழுத்து எட்டுகிற அகலத்துக்கு மட்டும் இருந்தது. முக்குளி அதைப் பார்த்தது. வெடித்துக் கிடந்த அவள் முதுகையும் பார்த்தது.

"ராஜா, அக்காவை அனுப்பாதீங்க. ஏரிக்குள்ள விடுங்க."

"நீதானே அழுதுகொண்டே எல்லோரையும் கூட்டினாய்?"

"முட்டை போச்சேன்னு அழுதேன் ராஜா. அக்கா இல்லாட்டி ஏரியே போயிடும்னு தெரியாம அழுதுட்டேன்."

ராஜா இருமிக்கொண்டே இரண்டு சட்டங்களையும் ரத்து செய்தார். அப்போதும் கோணக்கொம்பி தூக்கிய காலைத் தண்ணீரில் வைக்கப் பயந்து நின்றாள். முக்குளி அவளுக்கு முன்னால் நீந்தியது.

"என் பின்னாலயே வாங்கக்கா. அந்த மூலையில வாத்துக் கூடு இருக்கு. சுத்தி வாங்க."

கோணக்கொம்பி சுற்றிப் போனாள். ஒரு முட்டைகூட அசையவில்லை. கழுத்தளவு தண்ணீரில் கிடந்து, வெகுநேரம் அசைபோட்டாள். பிறகு கேட்டாள்.

"கூடு எங்க இருக்குன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்கே சுத்திப் போயிருப்பேனே தங்கச்சி. ஏன் யாருமே என்கிட்ட சொல்லல?"

நீதி: ஓர் இடத்தைக் காக்கச் சட்டம் போடுமுன், அங்கே வாழ்பவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும்.