கம்ப்யூட்டருக்காக விழுந்த தில்லைக்கண்ணு

மந்தமங்கலம் பேரூராட்சி ஆபீஸில் மூளைக்குக் குறைவே இல்லை; யாரும் செலவு பண்ணாததால் எல்லாம் புதுசாகவே இருந்தது. அந்த ஆபீஸுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. தலைமை எழுத்தர் தில்லைக்கண்ணு சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, ஆன் பண்ணினார். பத்து நிமிஷம் ஓடும். அப்புறம் திரை விறைத்து நின்றுவிடும். இல்லாவிட்டால் தானே அணைந்து தானே எழுந்திருக்கும்.

வருகிற திங்கட்கிழமை மாவட்டத்திலிருந்து உதவி இயக்குநர் பார்வையிட வருகிறார். மிஷின் ஓடவில்லை என்றால் தில்லைக்கண்ணுவை மலைமேல் இருக்கிற ஆபீஸுக்குத் தூக்கி அடித்துவிடுவார்கள். அவருக்கோ மூட்டு வலி. சோறு இறங்காமல் தவித்தவர், கடைசியில் கம்பெனி இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

“சார், முதல் தடவை நின்னப்ப அங்க என்னென்ன நடந்துச்சோ, அதையெல்லாம் அப்படியே திரும்பச் செஞ்சு பாருங்க. ஒண்ணையும் விட்டுடாதீங்க. அப்பவும் நிக்குதான்னு சொல்லுங்க,” என்றார் இன்ஜினியர்.

தில்லைக்கண்ணு உடனே கூட்டம் போட்டார்.

“முதல்ல நின்னது போன திங்கக்கிழமை, பதினொண்ணு பத்துக்கு,” என்றார் டைப்பிஸ்ட் சூசையம்மாள். “நான் ஒரு இறப்புச் சான்று அடிச்சிட்டிருந்தேன். ஏன் சார், செத்தவரு திரும்பச் சாகணுமா?”

“வேண்டாம்மா. அதே சான்றுக்கு இன்னொரு நகல் அடிச்சாப் போதும்,” என்றார் தில்லைக்கண்ணு.

“நான் உளுந்த வடையைக் கடிச்சேன். முழுங்கலை,” என்றார் பில் கலெக்டர் காதர் மைதீன்.

தில்லைக்கண்ணு பெருமூச்சு விட்டார். “நான் தேதி கிழிக்க ஸ்டூல்ல ஏறி, தவறி விழுந்தேன். இந்தத் தடவை கீழே ஒரு பாய் விரிச்சுக்கலாமா?”

“அன்னைக்குப் பாய் இல்லையே சார்,” என்றார் சூசையம்மாள் வருத்தத்தோடு.

இன்னொன்றும் இருந்தது. வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஊர்க்காரர் உக்கிரபாண்டி வந்து மேஜையில் ஓங்கிக் குத்தியதும் அப்போதுதான். ஆனால் மறுநாளே அவருக்குத் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது ஆபீஸைத் தாண்டும்போதெல்லாம் கும்பிடு போடுகிறார்.

“சந்தோஷமா இருக்கிற ஆளைக் குத்தச் சொன்னா அது போலிக் குத்தாப் போயிடுமே,” என்று கவலைப்பட்டார் காதர் மைதீன்.

“மிஷின் கண்டுபிடிச்சிடும்,” என்றார் சூசையம்மாள்.

வெகுநேரம் யோசித்து நியாயமான முடிவுக்கு வந்தார்கள். உக்கிரபாண்டி வீட்டுக் குழாயை அடைத்தார்கள்.

திங்கட்கிழமை. பதினொன்று பத்து. சூசையம்மாள் அடித்தார். காதர் மைதீன் கடித்தார். உக்கிரபாண்டி புயலாக நுழைந்து மேஜையில் குத்தினார். தில்லைக்கண்ணு கண்ணை மூடி, குலதெய்வத்தை நினைத்து, ஸ்டூலிலிருந்து தவறி விழுந்தார்.

மிஷின் நிற்கவில்லை. கால் மணி, அரை மணி, ஒரு மணி நேரம் ஆயிற்று. ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

தரையில் கிடந்தபடியே போன் போட்டார் தில்லைக்கண்ணு. “எல்லாம் செஞ்சோம் தம்பி. நிக்கவே மாட்டேங்குது!”

“அப்ப சரியாயிடுச்சு சார்! இப்ப எது எப்படி இருக்கோ அப்படியே விட்டுடுங்க. எதையும் அசைக்காதீங்க.”

எழப்போன தில்லைக்கண்ணு மறுபடி படுத்தார். காதர் மைதீன் வாயில் வடையோடு சிலையானார்.

“கையை எடுத்துடாதீங்கண்ணே,” என்று உக்கிரபாண்டியைக் கெஞ்சினார் சூசையம்மாள். “உங்க குழாயைத் திறக்கிற உத்தரவே இந்த மிஷின்லதான் அடிக்கணும்.”

அவரும் மேஜைமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு உதவி இயக்குநர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னய்யா இது?”

“காலையிலேருந்து ஒரு தடவைகூட நிக்கலைங்க ஐயா,” என்றார் தில்லைக்கண்ணு, தரையிலிருந்தே பணிவாகக் கும்பிட்டு.

அதிகாரி திரையைப் பார்த்தார். தில்லைக்கண்ணுவைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்து, அவர் பக்கத்தில் குந்தினார்.

“எங்க ஆபீஸ்ல இதே மிஷின் எட்டு இருக்கு,” என்றார் மெதுவாக. “எட்டுப் பேர் விழணுமா, இல்லை ஒரே ஆள் எட்டுத் தடவை விழுந்தாப் போதுமா?”